உங்கடை பீங்கான் எங்கை?

"உங்கடை பீங்கான் எங்கை, அக்கா?"

நான் சோற்றுக்குள் கரண்டியை வைத்த நேரத்தில் எமல்டா இப்படிக் கேட்டார். சத்தம் போட்டுக் கேட்கவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் இருக்கிறவரிடம் நேரம் கேட்கிற மாதிரிச் சாதாரணமாகத்தான் கேட்டார்.

மேசையில் சாப்பாட்டுக்கு மூன்று வெள்ளைப் பீங்கான் தட்டுகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் வலப்பக்கத்தில் ஒரு தண்ணீர்க் கிளாஸ், இடப்பக்கத்தில் மொட்டு மாதிரி மடித்த துணி. நடுவில் ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் நித்தியகல்யாணிப் பூக்கள் மிதந்தன. கோழிக்கறியின் மணம் வீடு முழுக்க நின்றது. எல்லாம் என் புத்தகத்தில் உள்ளபடியே இருந்தன.

"நான் பிறகு சாப்பிடுவன். முதல் நீங்கள் வடிவாச் சாப்பிடுங்கோ" என்று சிரித்துக்கொண்டு சொன்னேன்.

எமல்டா சிரிக்கவில்லை. பீங்கானுக்குப் பக்கத்தில் இருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அதைப் பார்த்து அவருடைய தமையன் சூசை அண்ணரும் கையை எடுத்தார். எமல்டாவின் மகன் அன்ரன் தலையைக் குனிந்துகொண்டான்.

குசினி வாசலில் தண்ணீர்ச் சாடியோடு என் மகள் தர்சினி நின்றாள். அன்ரனைத்தான் அவள் கட்ட விரும்பினாள். முந்தின கிழமையே என்னிடம் தெளிவாகச் சொல்லியிருந்தாள்: "அம்மா, அன்ரன்ரை அம்மா மனம் நிறைஞ்சு ஓம் எண்டு சொன்னால்தான் இந்தக் கலியாணம். எங்கடை வீட்டிலை அவா மனம் நொந்து எழும்பினால் நான் இந்தக் கதையை இதோடை விட்டிடுவன்."

அவள் சொன்னால் சொன்னதுதான். அந்தக் குணம் யாரிடமிருந்து வந்தது என்று இந்தத் தொடரை வாசிக்கிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அட்டை இல்லாத புத்தகம்

இந்தத் தொடரில் சில இடங்களில் "என் புத்தகம்" என்று எழுதிவிட்டு நழுவிப் போயிருக்கிறேன். அது என்ன புத்தகம் என்று ஒரு வாசகி தொலைபேசியில் பிடித்துக் கேட்டார். தேவாரப் புத்தகமாக இருக்கும் என்று நினைத்தாராம். இல்லைத் தங்கச்சி, அது சமையல் புத்தகம்.

சண்டை முடிந்து முகாமிலிருந்து விட்ட பிறகு கொஞ்சக் காலம் நாங்கள் வவுனியாவில் இருந்தோம். ஊருக்குத் திரும்பப் பதிந்தாயிற்று என்றதும் வாளி, கயிறு, மண்வெட்டி வாங்கக் கடைத்தெருவுக்குப் போனோம். பஸ் நிலையத்துப் பக்கம் நடைபாதையில் ஒருவர் பழைய புத்தகங்களைச் சாக்கில் பரப்பி வைத்திருந்தார். பிள்ளைக்கு ஏதாவது பாடப் புத்தகம் கிடைக்குமா என்று குனிந்தேன். அந்தக் குவியலுக்குள் இது கிடந்தது.

அட்டை இல்லை. முதல் பக்கங்களும் இல்லை. அதனால் புத்தகத்தின் பெயரும் எழுதிய அம்மாவின் பெயரும் இன்றைக்கும் எனக்குத் தெரியாது. திறந்த இடத்தில் ஒரு நிறப்படம். நீளமான மேசை, வெள்ளை விரிப்பு, பூ, பீங்கான், கிளாஸ். அடுத்த பக்கத்தில் விருந்தினர் வந்தால் என்ன செய்யவேண்டும் என்று ஒரு பெரிய அத்தியாயம். நடைபாதையில் நின்றபடியே பாதியை வாசித்துவிட்டேன்.

"இஞ்சேருமப்பா, எங்களுக்குக் குசினியே இல்லை. உமக்கு விருந்தோ?" என்று இவர் கேட்டார். இவர் என்றால் என் கணவர். கோபத்தில் கேட்கவில்லை, உண்மையிலேயே விளங்காமல்தான் கேட்டார்.

"குசினி வரும். வந்த பிறகு ஆரிட்டைப் போய்ப் படிக்கிறது?" என்றேன். மண்வெட்டியோடு புத்தகமும் எங்களோடு வந்தது.

முரசுமோட்டையில் எங்கள் வளவில் வீடு என்று சொல்ல அத்திவாரம் மட்டும்தான் மிஞ்சியிருந்தது. நீலப் பிளாஸ்ரிக் தறப்பாளைக் கட்டிக்கொண்டு அதற்குக் கீழே இருந்தோம். மூன்று கல்லை வைத்து அடுப்பு. அதில் சோறும் பருப்பும் வேகும்போது பக்கத்தில் இருந்து கரமல் புடிங் எப்படி அவிப்பது என்று வாசிப்பேன். தறப்பாளுக்குக் கீழே பகலில் ஒரு நீல வெளிச்சம் இருக்கும். புத்தகத்துப் படங்களில் உள்ள பீங்கான்கள் எல்லாம் நீலமாகத் தெரியும். எனக்கு அது பெரிய சந்தோசமாக இருந்தது. சோகமான காலம் என்று எழுதினால்தான் பொருத்தம் என்று சிலர் நினைக்கலாம். ஆனால் நான் சந்தோசமாகத்தான் இருந்தேன், அதை ஏன் மறைக்கவேண்டும்?

எலி ஒரு மூலையைக் கடித்தது. அன்றைக்கே புத்தகத்தைப் பிஸ்கற் ரின்னுக்குள் போட்டு மூடினேன்.

மேசையக்கா

வீட்டுத்திட்டத்தில் வீடு கிடைத்தபோது எல்லோரும் சுவர் எத்தனை அடி, ஓடா தகரமா என்று பார்த்தார்கள். நான் மேசை எங்கே வரும் என்று பார்த்தேன். குசினிக் கதவு இருந்த இடத்தில் மேசை இடிக்கும் போலத் தெரிந்தது. வீடு கட்டிய மேசனோடு சண்டை பிடித்துக் கதவைத் தள்ளிப் போட வைத்தேன். "அக்கா, இது வீட்டுக்கு மேசையோ, மேசைக்கு வீடோ?" என்று அவர் கேட்டார். மேசைக்குத்தான் வீடு என்று சொன்னேன்.

வளவில் விழுந்த வேம்பை அறுத்து மேசையும் ஆறு கதிரையும் செய்வித்தோம். அதன்பிறகு எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் யாரும் வெறும் தேத்தண்ணியோடு போனதில்லை. பள்ளிக்கூடத்து அதிபர், வாய்க்கால் அலுவலாக வந்த உத்தியோகத்தர்கள், வெளிநாட்டிலிருந்து வந்த சொந்தம் எல்லோருக்கும் இந்த மேசையில் பரிமாறியிருக்கிறேன். ஊரில் எனக்கு மேசையக்கா என்று பட்டம் வந்தது. பகிடிக்குத்தான் வைத்தார்கள். ஆனால் தங்கள் வீட்டில் பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் துணி மடிக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

எழுதிய அம்மா கொஞ்சம் கண்டிப்பானவர். விருந்தாளிக்கு முன்னால் ஓடித் திரியக்கூடாது. உப்புக் காணுமா என்று வாய்க்கு வாய் கேட்கக்கூடாது. கதிரைகளை நெருக்கி வைக்கக்கூடாது. எல்லாவற்றையும் நான் கேட்டு நடந்தேன். எங்கள் கறித்தூளைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது என்பதால் உறைப்பு விசயத்தில் மட்டும் நான் அவரைக் கணக்கெடுப்பதில்லை.

இன்னொரு விசயத்திலும் கேட்கவில்லை. வீட்டுக்காரி விருந்தாளிகளோடு கூட இருந்து சாப்பிடவேண்டும் என்று எழுதியிருந்தார். மேசையின் குசினிப் பக்கத்துத் தலைப்பில், அந்த முனையில்தான், தனக்கென்று ஒரு பீங்கான் வைத்து. படத்திலும் அந்தத் தலைப்பில் ஒரு பீங்கான் இருந்தது.

எனக்கு அது சிரிப்பாக இருந்தது. "அம்மா தாயே, நீங்கள் இருந்தால் ஆர் பரிமாறுறது? வீட்டிலை வேலைக்கு ஆள் வைச்சிருந்திருப்பியள்" என்று புத்தகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கிறேன். எங்களுக்குள் வந்தவர்கள்தான் முதல் சாப்பிடுவார்கள். பிறகு வீட்டு ஆம்பிளைகள், பிறகு பிள்ளைகள். சமைத்தவள் கடைசியாக, சட்டியில் மிஞ்சியதோடு. பரிமாறுகிறவள் உட்கார்ந்தால் அது வந்தவருக்குச் செய்கிற மரியாதைக் குறைவு. அப்படித்தான் வளர்ந்தேன், அப்படித்தான் செய்தேன்.

கொக்கிளாயிலிருந்து ஒரு சட்டி

தர்சினிக்கு முல்லைத்தீவில் ஒரு அலுவலகத்தில் வேலை. அன்ரனும் அங்கேதான். அவனுடைய ஊர் கொக்கிளாய். வேதக்காரச் சனம், கத்தோலிக்கர்; கடலிலும் களப்பிலும் மீன்பிடித் தொழில். தகப்பன் இல்லை. தாயும் தாய்மாமனும்தான் அவனைப் படிக்க வைத்தார்கள்.

கதை வெளியில் வந்ததும் முதலில் ஓடி வந்தவர் என் மச்சாள். இவருடைய தமக்கை. வேலிக்கு அந்தப் பக்கம் வீடு. "தோட்டம் வயலோடை இருக்கிற நாங்கள் கரைச்சனத்துக்குப் பெட்டையைக் குடுக்கிறதோ? அவையின்ரை வீட்டிலை உனக்குக் கை நனைக்க ஏலுமோ?" என்று கேட்டார்.

"ஏன் ஏலாது? தண்ணி இருக்குந்தானே" என்று சொல்லி அனுப்பினேன். எனக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்தது. அந்த விசயத்தில் என் மனதில் ஒரு கறையும் இல்லை என்று எனக்கு நல்ல நம்பிக்கை. அதனால்தான் எமல்டாவும் தமையனும் அன்ரனும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வருகிறார்கள் என்றபோது நான் கொஞ்சமும் பயப்படவில்லை. மேசையக்காவுக்கு விருந்து தெரியாதா?

மீன் காய்ச்சவில்லை. கடலில் இருந்து பிடிக்கிறவர்களுக்கு ஐஸில் கிடந்த மீனைக் கொடுக்க எனக்கு விசரா? ஊர்க்கோழி, கத்தரிக்காய்ப் பால்கறி, முருங்கையிலை வறை, பிறகு புத்தகத்துக் கரமல் புடிங். மூன்று பேர் வருவதால் மூன்று கதிரையை மட்டும் மேசையோடு விட்டு, மற்றவற்றைச் சுவரோரம் தள்ளினேன். வந்தவர்கள் தாராளமாக இருக்கட்டும் என்றுதான்.

அவர்கள் வரப் பிந்தியது. வட்டுவாகல் பாலத்தில் ஒரு லொறி நின்றுவிட்டதாம். இவருக்குச் சுகர். மத்தியானக் குளிசை விழுங்க நேரத்துக்குச் சாப்பிடவேண்டும். நானே சோறு போட்டுக் கொடுத்து, "சாப்பிட்டிட்டு வெளி விறாந்தையிலை இருங்கோ" என்று அனுப்பினேன்.

எமல்டா வந்து இறங்கும்போது கையில் ஒரு அலுமினியச் சட்டி இருந்தது. மூடியைத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தார். பஸ்ஸில் இவ்வளவு தூரம் மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். மெலிந்த, நிமிர்ந்த மனுசி. வெள்ளையில் சின்னப் பூப்போட்ட சேலை.

"களப்பு நண்டு. விடியக் காய்ச்சினது" என்று நீட்டினார்.

"ஐயோ, உங்களுக்கேன் இந்தக் கரைச்சல்" என்று இரண்டு கையாலும் வாங்கினேன். கொண்டுபோய்ப் பிறிட்ஜுக்குள் வைத்தேன். விருந்தாளி கொண்டுவந்த கறியை விருந்தாளிக்கே வைத்தால், வீட்டில் ஒன்றும் காய்ச்சவில்லை என்ற மாதிரி ஆகிவிடும் அல்லவா?

"ஐயாவும் வந்து இருக்கட்டுமேன்" என்று மேசையில் இருக்கும்போது எமல்டா கேட்டார்.

"அவர் அப்பவே சாப்பிட்டிட்டார்" என்றேன். குளிசைக் கதையை விருந்தில் சொல்வானேன் என்று விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் அவர் என் பீங்கானைக் கேட்டார்.

மேசையில் இருந்து பார்த்தால்

"பிறகு எண்டால் எப்ப, அக்கா?" என்றார் எமல்டா. "நாங்கள் போன பிறகோ?"

நான் கரண்டியால் சோற்றைக் கிளறினேன்.

"என்ரை அம்மா கருவாடு கொண்டு நெல்லுக்கு மாத்த இஞ்சாலைப் பக்கம் வாறவா. ஒரு வீட்டிலை எப்பவும் சோறு குடுப்பினமாம். நல்ல சோறு, நல்ல கறி. மரத்துக்குக் கீழை இருத்திக் குடுப்பினம். அவா சாப்பிட்டு முடியுமட்டும் வீட்டுக்காரி பக்கத்திலை நிண்டு வடிவாக் கவனிப்பாவாம். ஒருநாளும் கூட இருந்து சாப்பிட்டதில்லை." அவர் மேசை விரிப்பைத் தடவினார். "நான் மேசையிலை இருக்கிறன். அவ்வளவுதான் வித்தியாசம்."

"எமல்டா" என்று சூசை அண்ணர் மெல்லச் சொன்னார்.

"இல்லை அண்ணை, பின்னுக்குப் போய்க் கதைக்கிறதிலும் பாக்க முகத்துக்கு நேரை கேக்கிறது நல்லம். பிள்ளையள் வாழவேணும்."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். விடியக்காலை எழும்பிக் கோழி உரித்து, துணி மடித்து, பூப் பறித்து வைத்தவளைப் பார்த்து இப்படிக் கேட்கலாமா? வாயைத் திறந்துவிட்டேன். திறந்த வாயோடு எமல்டா பார்க்கிற பக்கம் பார்த்தேன்.

சுவரோரம் தள்ளி வைத்த மூன்று கதிரைகள் தெரிந்தன. அதற்கு அங்கால் விறாந்தையில், சாப்பிட்டு முடித்துப் பல்லுக் குத்திக்கொண்டிருந்த இவர். குசினிக்குள் மூடிய பிறிட்ஜ். அதற்குள் துணியும் அவிழ்க்காத சட்டி. மச்சாள் வந்து பரிமாறியிருந்தால்கூட இவ்வளவு வடிவாக அவமானப்படுத்தியிருக்க முடியாது.

"எமல்டா, இந்த மேசையிலை ஆர் வந்தாலும் நான் இருந்து சாப்பிட்டதில்லை. பெரிய உத்தியோகத்தர் வந்தாலும் இல்லை. அது எங்கடை பழக்கம். இவருக்குச் சுகர், குளிசைக்காகச் சாப்பிட்டவர். உங்களை நினைச்சு ஒண்டும் செய்யேல்லை" என்றேன்.

எமல்டா தலையை ஆட்டினார். நம்புகிறார் என்று தெரிந்தது. ஆனால் கை மடியில்தான் இருந்தது. தர்சினியின் கண் நிறைந்துவிட்டது. இனிச் சொல்லிப் பிரயோசனம் இல்லை என்று எனக்கு விளங்கியது.

கரண்டியை வைத்துவிட்டுச் சுவரோரம் போய் ஒரு கதிரையை இழுத்தேன். சீமெந்து நிலத்தில் அது போட்ட சத்தத்துக்கு விறாந்தையில் இருந்தவரே திரும்பிப் பார்த்தார்.

"தர்சினி, இன்னும் மூண்டு பீங்கான் கொண்டு வா. அந்த நண்டுச் சட்டியையும் எடு. இஞ்சருங்கோ, எழும்பி வந்து சாப்பிடுங்கோ!"

"நான் சாப்பிட்டிட்டனே அப்பா. சுகர்..." என்றார் இவர்.

"நண்டிலை சீனி இல்லை. வாங்கோ."

முப்பது வருசத்துக்கு மேல் என்னோடு வாழ்ந்தவர். முகத்தைப் பார்த்தார், மறுபேச்சு இல்லாமல் வந்து கதிரையை இழுத்தார்.

தர்சினி சட்டியை மேசையில் வைக்கப் போனாள். எமல்டா எழும்பிவிட்டார். "குளிர்ந்த நண்டை ஆர் தின்னிறது? அடுப்பு எங்கை பிள்ளை?" என்று கேட்டு அவளோடு குசினிக்குள் போனார். நானும் பின்னால் போனேன். விருந்தாளியை அடுப்பில் விடலாமா என்று புத்தகத்திடம் கேட்க நேரமில்லை.

அடுப்புக்குப் பக்கத்தில் மா ரின்னில் சாய்த்தபடி புத்தகம் திறந்திருந்தது. எமல்டா நண்டைக் கிளறிக்கொண்டே அந்த மேசைப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இதைப் பாத்தோ மேசை வைச்சனீங்கள்?"

"ஓம்."

"அப்ப இந்தத் தலைப்பிலை, குசினிப் பக்கம் ஒரு பீங்கான் கிடக்கே. இது ஆருக்கு?"

"அது எனக்கு" என்றேன். வேறு என்ன சொல்ல?

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. கரண்டியைப் பிடித்தபடி சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. தர்சினி அழுதுகொண்டே சிரித்தாள்.

ஆறு பேர்

சூசை அண்ணர் செபம் சொன்னார். நாங்களும் கண்ணை மூடிக்கொண்டோம். நான் குசினிப் பக்கத்துத் தலைப்பில் இருந்தேன். கண்ணைத் திறந்ததும் முதலில் நண்டைத்தான் எடுத்தேன். மிளகும் முருங்கையிலையும் போட்ட கறி. நல்ல உறைப்பு. காலை உடைத்து உறிஞ்சினேன். எமல்டா அதைப் பார்த்த பிறகுதான் சோற்றில் கை வைத்தார்.

யாரும் யாருக்கும் பரிமாறவில்லை. சட்டிகள் கை மாறிப் போயின. கோழிக்குழம்பு வெள்ளை விரிப்பில் ஊற்றுப்பட்டது. மொட்டுத் துணிகள் நண்டுக் கை துடைத்து மஞ்சளாகின. ஓடு உடைக்கிற சத்தத்தில் ஒருவர் கதைப்பது மற்றவருக்குக் கேட்கவில்லை. அந்த மேசை செய்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் ஆறு கதிரையிலும் ஆட்கள் இருந்தார்கள். எனக்கு இவ்வளவு காலமும் நான் சமைத்த சாப்பாடு சூட்டோடு எப்படி இருக்கும் என்றே தெரியாது. நல்லாயிருந்தது, சும்மா சொல்லக்கூடாது.

இவர் நண்டில் மூன்று தரம் எடுத்தார். நான் கண்டும் காணாததுபோல இருந்தேன்.

புடிங் முடிகிற நேரம் எமல்டா என் பக்கம் திரும்பினார். "உங்களுக்குள்ளை கலியாணம் முடிஞ்சு நாலாஞ்சடங்கு எண்டு இறைச்சி மீனோடை மச்சச் சாப்பாடு குடுக்கிறவை என்ன?"

"ஓம்."

"அண்டைக்கு நண்டு நான் காய்ச்சுவன். கோழி நீங்கள் காய்ச்சுங்கோ."

தர்சினி எழும்பிக் குசினிக்குள் ஓடினாள். அன்ரன் கிளாஸில் இருந்த தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தான்.

அவர்களைப் பஸ் ஏற்றிவிட்டு வந்து நான் மேசையைத் துடைக்கும்போது பின் படலை திறந்தது. மச்சாள்.

"வந்தவையோ?"

"வந்து போட்டினம். கலியாணம் சரி."

"ம்... என்ன காய்ச்சினனீ?"

"நான் கோழி. அவா நண்டு கொண்டு வந்தவா. மிச்சம் கிடக்கு." அலுமாரியைத் திறந்து இரண்டு பீங்கான் எடுத்தேன். ஒன்றை அவருக்கு வைத்தேன், மற்றதை என் தலைப்பில் வைத்தேன். இரண்டிலும் நண்டைப் போட்டேன். "இருங்கோ மச்சாள். நானும் இருக்கிறன்."

மச்சாள் கதிரையின் முதுகைப் பிடித்தபடி நின்றார். நான் சாப்பிடத் தொடங்கிவிட்டேன். அவர் நண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். மிளகு மணம் வீட்டுக்குள் நின்றது.

பிறகு கதிரையை இழுத்து இருந்தார்.

"உறைப்புக் காணாது" என்றார், இரண்டாவது காலை உடைத்தபடி.